ரயில் பார்க்க ஓர் இடம் கேட்டோம்

போன மாதம் விழுப்புரத்தில் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற அங்கன்வாடி டீச்சர், புதிதாக வந்திருக்கும் பெண்களிடம் நாலு வார்த்தை பேசட்டும் என்று. பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "மேடம், எங்க சென்டர் லைன் ஓரமா இருக்குது. பசங்க ரயிலு ரயிலுன்னு உயிரை எடுக்குதுங்க. சேஃபா எங்க நிக்க வெச்சுக் காட்டறது?" என்று கேட்டாள். அறையே சிரித்தது. பயிற்சி கொடுக்க வந்தவரும் சிரித்துவிட்டு, "சார்ட்டுல காட்டுங்கம்மா, போதும்" என்றார். அந்தப் பெண் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. பேசாமல் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்காக என் மேலும் கோபம். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். கேட்ட பெண்ணைவிடச் சிரித்தவர்கள்தான் இதை அவசியம் படிக்க வேண்டும்.

முதலில் அந்தச் சார்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'வாகனங்கள்' பாடத்துக்கு எனக்குக் கொடுத்த சார்ட்டில் ரயில் கறுப்பாக இருக்கும், தலையில் புகை விடும். எங்கள் மையத்திலிருந்து தண்டவாளம் கூப்பிடு தூரம். அங்கே விடிந்தது முதல் கரண்ட் வண்டிகள்தான் போகும், ஒன்றுக்கும் புகை கிடையாது. நான் சார்ட்டைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் "அடுப்பு" என்று சொன்ன பிள்ளையும் உண்டு. ஆனால் ஹாரன் சத்தம் கேட்டால் பாயில் ஒரு பிள்ளை இருக்காது. சத்துமாவு உருண்டையைக் கையில் பிடித்தபடி எல்லாம் வாசலுக்கு ஓடிவிடும். தண்டவாளம் பக்கத்தில் பிறந்த பிள்ளை ரயிலைப் பார்க்கத்தான் செய்யும். நீங்கள் கூட இருக்கும்போது பார்க்கிறதா, இல்லாதபோது பார்க்கிறதா என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

ஊர் கூட்டேரிப்பட்டில் பஸ் இறங்கி உள்ளே போகும் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். மேட்டில் ஊர், பள்ளத்தில் லைன் ஓரமாகக் காலனி. என் மையம் காலனியில் இருந்தது. பதினேழு பிள்ளைகள், உதவிக்குப் பச்சையம்மாள் என்ற ஆயா. அவளும் அதே காலனிதான். நான் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். நான் பிறந்ததும் இப்படி ஒரு காலனியில்தான், அது விழுப்புரம் பக்கம்.

முதலில் பிள்ளைகளைத் திண்டிவனம் ஸ்டேஷனுக்குத்தான் கூட்டிப் போனேன். அங்கே ரயில்வே ஆட்கள் இருக்கிறார்கள், பிளாட்பாரம் இருக்கிறது, அதனால் பாதுகாப்பு என்று நினைத்தேன். நிற்காத வண்டி ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. ஒரு பையன் பயந்துபோய் ஓடினான். வண்டிக்கு முதுகைக் காட்டி நேராக ஓடினான். பிளாட்பாரத்தின் மறு ஓரத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், அங்கேயும் ஒரு தண்டவாளம். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பழக்காரம்மா காலை நீட்டித் தடுத்தார். அன்றைக்குக் கற்றுக்கொண்டேன், பயந்த பிள்ளை பின்னால் ஓடும். நிற்க வைக்கிற இடத்தில் முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால் பார்க்க வேண்டும். அதனால் ரோட்டு மேம்பாலமும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். கீழே ரயில் அழகாகத் தெரியும், முதுகுக்குப் பின்னால் லாரி போகும்.

கடைசியில் காலனி எல்லையில், லைனுக்குக் கீழே சரிவில் ஒரு வேப்பமரத்தடியைப் பிடித்தேன். பின்னால் வெறும் புல்தரை. பழைய நைலான் புடவையை முறுக்கிக் கயிறாக்கி, நடுநடுவே முடிச்சுப் போட்டேன். ஒரு முடிச்சுக்கு ஒரு பிள்ளை. வண்டி போகும் வரை முடிச்சை விடக் கூடாது. நான் "வண்டி போயிடுச்சு, கையை விடலாம்" என்று சொன்ன பிறகுதான் விட வேண்டும். பதினேழு பிள்ளைகளும் பட்டாளம் மாதிரி பழகிவிட்டன. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்போதுதான் அங்கே இரண்டாவது பாதை போட்டிருந்தார்கள். ஒரு நாள் காலை திண்டிவனம் பக்கமாகப் பாசஞ்சர் ஒன்று மெதுவாகப் போனது. கடைசிப் பெட்டியில் கார்டு பச்சைக் கொடியோடு நின்றிருந்தார். அவர் தங்களுக்குத்தான் கொடி காட்டுகிறார் என்று பிள்ளைகளுக்கு நினைப்பு. கடைசிப் பெட்டி எங்களைத் தாண்டியது. நான் வழக்கம்போல, "வண்டி போயிடுச்சு, கையை விடலாம்" என்றேன்.

ரோஸ்லின் என்று ஒரு பெண் குழந்தை, மூன்றரை வயது. முடிச்சை விட்டாள். கார்டுக்கு டாட்டா காட்டிக்கொண்டே சரிவில் ஏறினாள். வண்டி சின்னதாகச் சின்னதாக, இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஜல்லியில் ஏறி, முதல் பாதையைத் தாண்டி, இரண்டு பாதைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு கையை ஆட்டினாள். போகிற பாசஞ்சரின் மறைவிலிருந்து அடுத்த பாதையில் விழுப்புரம் பக்கம் போகும் எக்ஸ்பிரஸ் வந்தது. அதன் சத்தம் பாசஞ்சர் சத்தத்தோடு கலந்திருந்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த நான் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

கீமேன் ஒருவர் தினமும் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதையில் ஏதும் கழன்றிருக்கிறதா என்று பார்த்து நடப்பார். அன்று அவர் பத்தடி தூரத்தில் இருந்தார். சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடி, அவள் கவுனை முதுகுப் பக்கமாகக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். இருவரும் முதல் பாதையைத் தாண்டி இந்தப் பக்கச் சரிவில் உருண்டார்கள். எக்ஸ்பிரஸ் போய்க்கொண்டே இருந்தது.

எழுந்ததும் அவர் குழந்தையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் வந்தார்.

"எந்த வண்டிங்க போச்சு?" என்றார்.

பாசஞ்சர் போன திசையைக் கையால் காட்டினேன்.

"போயிடுச்சுன்னு சொன்னீங்களே, எந்த வண்டி போச்சு? ரெண்டு லைன் கீது. நீங்க ஒரு லைனை மட்டும் பாத்துக்கினு பசங்களை அவுத்து வுட்டுட்டீங்க. அந்தக் கொழந்தை தப்பு பண்ணல டீச்சர். நீங்க சொன்னதைத்தான் கேட்டுது."

அதுதான் உண்மை. ரோஸ்லின் அடங்காத பிள்ளை இல்லை. நான் பழக்கியபடி நடந்தாள். சொன்ன பேச்சைக் கேட்டதால் சாக இருந்தாள். நம் தொழிலில்தான் இப்படி ஒரு தவறு நடக்கும். வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்தப் பிள்ளைகள் முடிச்சை விட்டிருக்காது.

பச்சையம்மாள் என்னைப் பார்த்தாள். அவள் கேட்காத கேள்வி எனக்குப் புரிந்தது. யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா? குழந்தைக்குக் காயம் இல்லை, சின்னச் சிராய்ப்புதான். ஒரு நிமிடம் நானும் அப்படி நினைத்தேன். ஆனால் அன்று மதியமே ரோஸ்லினின் அம்மா லூர்து வேலை செய்துகொண்டிருந்த வேர்க்கடலை வயலுக்கு, எங்கள் பேச்சில் மல்லாட்டைக் கொல்லிக்கு, போய் நடந்ததை அப்படியே சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். லூர்து கையில் இருந்த செடியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"பால்வாடி நாள்ல நீங்க கீறீங்க, இழுக்க ஒரு ஆளு இருந்தாரு. ஞாயித்துக்கெழம நாங்க வேலைக்குப் போயிடுவோம். அன்னிக்கும் அதே எடத்துலதான் நிக்குதுங்க. அப்ப யாரு கீறாங்க? வேற எடம் பாருங்க டீச்சர்."

திண்டிவனத்தில் மாதாந்திரக் கூட்டம் வந்தது. மேற்பார்வை அதிகாரியிடமும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "யாராவது கம்ப்ளைண்ட் குடுத்தாங்களா?" இல்லை என்றேன். இனிமேல் பிள்ளைகளை அறையைவிட்டு வெளியே அழைத்துப் போக மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அந்தத் தாள் அவரைக் காப்பாற்றும், என்னையும் காப்பாற்றும். ரோஸ்லினைக் காப்பாற்றாது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து தெரிந்தே ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டோம். உங்களையும் இப்படிப் போடச் சொல்வார்கள். போட்டாலும் அதோடு வேலை முடிந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இரண்டு வாரம் இரும்புக் கேட்டைப் பூட்டி வைத்தேன். ஹாரன் கேட்டால் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். லூர்து சொன்னது மனதை அரித்துக்கொண்டே இருந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். சரிவில் நாலு பிள்ளைகள் நின்றிருந்தன. பெரியவர்கள் ஒருவரும் இல்லை. ஒரு துண்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தன. ரோஸ்லின் முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்து, என்னை மாதிரியே தலையைச் சாய்த்து, "வண்டி போயிடுச்சு, கையை விடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அந்தச் சரிவில் உட்கார்ந்து அழுதேன். அழுது என்ன பயன்?

திங்கட்கிழமை கீமேன் வரும் வரை காத்திருந்து, "நீங்களே ஒரு இடம் சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"நான் லைன்ல நடந்துக்கினு வரும்போது எங்க கொழந்தைங்க தலை தெரிஞ்சா எனக்கு வயித்தைக் கலக்கும்னு எனக்குத் தெரியும். கலக்காத எடம் ஒண்ணே ஒண்ணுதான். மேட்டுல களம் கீது பாருங்க. நடுவுல வாய்க்கா, அப்புறம் கொல்லி, கம்பி வேலி. பசங்க எவ்ளோ ஓடினாலும் லைனுக்கு வராது. ரெண்டு பக்க வண்டியும் நல்லாத் தெரியும்."

இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். இடம் தேடும்போது நாமெல்லாம் ரயில் எங்கிருந்து நன்றாகத் தெரிகிறது என்று பார்க்கிறோம். லைனில் வேலை செய்கிறவரிடம் போய், எங்கே குழந்தை நின்றால் அவருக்குப் பயம் இல்லை என்று கேட்க வேண்டும். எனக்கு இதைச் சொல்லித்தந்தவரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

களம் என்றால் நெல்லும் மல்லாட்டையும் காயவைக்கப் பஞ்சாயத்து போட்ட சிமெண்ட் தரை. பொது இடம், ஊர்ப் பக்கம் இருந்தது. கையெழுத்துப் போட்ட தாளை மறந்துவிட்டுப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனேன். மூன்று நாள் நன்றாகப் போனது. நாலாம் நாள் களத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். ஊரில் பெரிய குடும்பம். மரியாதையாகத்தான் பேசினார்.

"டீச்சர், பசங்களை இங்க கூட்டிக்கினு வராதீங்க. மல்லாட்டை காயுது. மிதிச்சிடும்."

"ஓரமா நிக்கறோங்க."

"சொன்னா கேளுங்க டீச்சர்."

மறுநாள் எங்கள் பக்கம் இருந்து ஏறும் வழியில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். மல்லாட்டை காய்ந்து மூட்டை கட்டி விழுப்புரம் போய்ச் சேர்ந்தது. முள் போகவில்லை. காலியான களத்தில் ஊர்ப் பிள்ளைகள் சைக்கிள் விட்டன. பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். "எல்லாம் தெரிஞ்சிக்கினே கேக்கறீங்களே" என்றார், சிரித்துக்கொண்டு. காரணம் சாதி. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. மூன்று வயதுப் பிள்ளையின் பாதம் அந்தக் களத்தில் படக் கூடாது, தண்டவாளத்தில் படலாம்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மதியம் ஒரு மணிக்கு ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கும். வாய்க்கால் பக்கமாகச் சுற்றி வந்து, சத்தம் இல்லாமல் ஒரு வண்டியைக் காட்டிவிட்டு இறங்கிவிடலாம் என்று பச்சையம்மாளிடம் சொன்னேன். சின்ன வயதிலிருந்து இப்படிச் சுற்றிப் போயே பழகியவள் நான். எந்தத் தெரு வழியாகப் போகக் கூடாது என்று யாரும் சொல்லாமலே என் காலுக்குத் தெரியும்.

பச்சையம்மாள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ரயிலு பாக்கறதுக்குக்கூடத் திருட்டுத்தனமாப் போகணும்னு இதுங்களுக்கு நாமளே சொல்லித்தரணுமா டீச்சர்? நான் வரல. நீங்க போறதா இருந்தா தனியாப் போங்க."

பத்தாவது படித்த எனக்குப் புரியாதது, மூன்றாவதோடு நின்றவளுக்குப் புரிந்தது. நான் அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

கிராம சபை கூடியது. நான் பேசக் கூடாது என்று மேலே இருந்து முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பேசவில்லை, ஓரமாக நின்றேன். காலனியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லூர்து எழுந்து களத்தில் பால்வாடிப் பிள்ளைகள் நிற்க இடம் கேட்டாள். சலசலப்பு வந்தது. தலைவர், "அது சரிப்பட்டு வராதும்மா, ஊர்ல பேஜாராயிடும்" என்றார்.

"சரிங்க" என்றாள் லூர்து. "அப்ப அதையே எழுதுங்க."

"எதை?"

"காலனிப் பசங்க களத்துல நிக்கக் கூடாது, தண்டவாளத்துல நிக்கட்டும்னு தீர்மான நோட்டுல எழுதுங்க. நாங்க எல்லாரும் கையெழுத்துப் போடறோம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கேக்கறவங்க கிட்ட நோட்டைக் காட்டிடலாம்."

பஞ்சாயத்துக் கிளார்க் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். தலைவரைப் பார்த்தார். தலைவர் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தார். லூர்து நோட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு, "எழுதுங்க சார், நேரம் ஆவுது" என்றாள். ஆண்டாண்டு காலமாக ஒருவரும் எழுதாமலே நடத்தி வந்த ஒன்று. அதை எழுதச் சொன்னதும் ஒருவருக்கும் கை வரவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கிளார்க் எழுதியது வேறு: களத்தின் கிழக்கு மூலை அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் காலையில் ஒரு மணி நேரம்.

முள்ளை எடுத்தார்கள். மறுநாள் நாங்கள் நேர் வழியில் ஏறினோம். பதினேழு பிள்ளைகளும் கிழக்கு மூலையில் நின்று போகிற வண்டி, வருகிற வண்டி எல்லாவற்றுக்கும் கை காட்டின. தூரத்தில் லைனில் நடந்துகொண்டிருந்த கீமேன் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தார். அவருக்கு வயிற்றைக் கலக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் இறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டு, ஹோஸ் பிடித்து, கிழக்கு மூலையைக் கழுவினார். தினமும் கழுவினார். நாங்கள் பார்க்கட்டும் என்றே, கடைசிப் பிள்ளை இறங்குவதற்குள் தண்ணீரைத் திறந்துவிடுவார். பத்து நாளுக்கு மேல் இப்படி நடந்தது. ஒரு நாள் கழுவவில்லை. மனம் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அன்று கரண்ட் இல்லை. மறுநாள் மறுபடி கழுவினார். அதற்குப் பிறகு என்றைக்கு விட்டார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. நாங்கள் மட்டும் ஒரு நாளும் போகாமல் இருக்கவில்லை; ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சையம்மாள் கூட்டிப் போனாள்.

பின்வரிசையில் கேட்ட பெண்ணே, உனக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். லைனில் வேலை செய்கிறவரைக் கேள். பிள்ளைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் பிள்ளை தாண்ட முடியாத ஏதாவது இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். 'போயிடுச்சு' என்ற வார்த்தையை உன் வாயிலிருந்தே எடுத்துவிடு. அப்படி ஓர் இடம் கிடைத்து, அங்கே நிற்கக் கூடாது என்று யாராவது சொன்னால், அதை எழுதித்தரச் சொல்.

இன்னொன்று இருக்கிறது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கழுவ ஆரம்பித்த முதல் வாரம், சரிவில் இறங்கும்போது ரோஸ்லின் திரும்பிப் பார்த்து, "டீச்சர், நாம நாளைக்கு வர்றதுக்காக அந்தத் தாத்தா கழுவி வெக்கறாரு" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம். பச்சையம்மாள் என்னைப் பார்த்தாள். நான், "ஆமாம் கண்ணு" என்றேன். அன்றிலிருந்து பிள்ளைகள் ரயிலுக்குக் காட்டிய கையை அவருக்கும் காட்டின.

ரோஸ்லின் இப்போது பத்தாவது படிக்கிறாள். சென்ற மாதம், உங்கள் வகுப்பிலிருந்து கோபமாகத் திரும்பிய அதே நாள், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். யூனிஃபார்மில் இருந்தாள். வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு, படிப்பு எல்லாம் பேசினோம். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"அவுரு ஏன் கழுவினாருன்னு ரெண்டாவது படிக்கும்போதே எனக்குப் புரிஞ்சிடுச்சு டீச்சர். நீங்க ஏன் ஆமாம்னு சொன்னீங்க? நாங்க தெனம் அவருக்கு டாட்டா காட்டினோமே."

அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது என்று எழுதி முடித்துவிடலாம். பஸ் வரவில்லை. கால் மணி நேரம் என் பதிலுக்காகப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.